கடைசி வரி வரை படித்தவர்கள்

மார்ச் 8

தங்கைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். எங்களோடு வந்திருக்கும் இளம் போதகர் தம்பி சாயங்காலமானால் எல்லோரையும் கைபேசியில் வீட்டாரோடு பேசச் சொல்கிறார். நான் பேசமாட்டேன். பேசுவது காற்றோடு போய்விடும், எழுதினால்தான் நிற்கும். நான் தாளில் எழுதித் தருகிறேன், அவர் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நீயும் அப்படியே செய்.

ஊழியப் பயணம் முடிய இன்னும் ஒரு வாரம், கண் பார்க்கும் வேலை நேற்றே முடிந்தது. வந்து பதினாறு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கண் பார்த்திருக்கிறேன். நானே, தனியாக. இதை நீ மறுமுறையும் படித்துக்கொள். முப்பது வருஷம் நம் சபையின் கண் முகாமில் வாசலில் உட்கார்ந்து பிரேமுக்குத் திருகு முடுக்கியவன் நான். பட்டம் பெற்றவர் மட்டுமே கண் பார்க்கலாம் என்று கமிட்டி போட்ட தீர்மானத்தின் அடியில் காரியதரிசி என்று உன் கையெழுத்து இருக்கிறது. இப்போது முகாம் டாக்டர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதும் கண்ணாடிக் கடைக்காரன் ஞாபகம் வந்துவிட்டது. கடல் தாண்டினால் தீர்மானம் செல்லாது போலிருக்கிறது.

அது கிடக்கட்டும். இந்த ஜனங்களின் கண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் நாற்பத்திரண்டு வருஷத் தொழிலில் இப்படிப்பட்ட கண்களைப் பார்த்ததில்லை. எண்கள் போட்ட பலகையை இருபது அடியில் மாட்டியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் எல்லா ஊரையும் போலத்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து, பல் ஒன்றுகூட இல்லாத கிழவர் வந்து நிற்கிறார், கடைசி வரி வரை கடகடவென்று படிக்கிறார். நூற்றுப் பதினெட்டுப் பேருக்குத்தான் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. மீதி மூன்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர மூட்டை கட்டுகிறோம். வெட்டவெளியைப் பார்த்து வளர்ந்த கண்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே மருந்தகத்துச் சாவிகளை வைத்திருக்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். அறுபது வயதிருக்கும். நாங்கள் அவளைச் சாவிக்காரி என்றே கூப்பிடுகிறோம். இடுப்பில் இருபது சாவி. எந்தப் பூட்டுக்கு எது என்று குனிந்து பார்ப்பதே இல்லை. விரலால் பல்லைத் தடவி எடுத்துவிடுகிறாள். அவளும் கடைசி வரி வரை படித்தவள்தான். என்ன கை, என்ன கண்!

பட்டம் இல்லாத,
அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிறாய். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு கடிதத்தைப் படிக்க அரைமணி ஆயிற்று. கொஞ்சம் பெரிதாய் எழுது. என் கண்ணில் குறை இல்லை. போன வருஷம்கூட உன் கடைப் பலகையைக் கடைசி வரி வரை படித்தவள் நான். அறுபத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிற ஆள் நம் சபையில் வேறு யார்?

தீர்மானத்தைப் பற்றி இனி எழுதாதே. தலைமையாசிரியையாய் இருந்தவளுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். அண்ணனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு சேதி சொல்கிறேன். கமிட்டியில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பதினேழாம் தேதி ஞாயிறு நன்றி ஆராதனையில் உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பயண அறிக்கையை நான் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உன் எண்கள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "பரவாயில்லையே உங்க அண்ணன்! நான் போயிருந்தாகூட இருநூறு தாண்டியிருக்காது."

நீ கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதானே? கேட்டுக்கொள். பதினாறாம் தேதி வந்து சேர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

அச்சகத்துக்குப் போய் அறிக்கையை நிறுத்து. மற்றதைப் பிறகு படிக்கலாம், முதலில் போ.

போய் வந்தாயா? இப்போது படி.

இன்று காலை மருந்தகத்தின் பின்னால் லென்ஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் நாலைந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரைதான் தெரியும். பலகைக்கு அது போதும், அதற்கு மேல் எதற்கு என்று நான் கற்றுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் புரிந்தது. ஏழு. மூன்று, ஒன்பது. இரண்டு, எட்டு, நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் துணி ஒருதரம் கல்லில் விழுந்தது. என் பலகை, தங்கச்சி. மேலிருந்து கீழ்வரை, ஓர் எண் பிசகவில்லை.

இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு மொழிபெயர்க்கிறார். நம் ஊரில் சில வருஷம் படித்தவர். புத்தகத்தில் இருப்பதுபோலவே தமிழ் பேசுவார். அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னய்யா பாட்டு இது?"

"தங்கள் பாடம்தான் ஐயா. மிகவும் சிரமப்பட்டுக் கற்றார்கள். கரும்பலகையில் எழுதி நானே பயிற்சி அளித்தேன்."

"எதுக்கய்யா?"

"காலையில் வசனத்தைப் பார்க்காமல் சொல்வோருக்குப் போதகர் பரிசு அளிக்கிறார் அல்லவா? அதுபோலவே மதியம் தங்கள் பாடம். முழுவதும் சொன்னவர்களைத் தாங்களே முதுகில் தட்டிச் 'சபாஷ்' என்று அனுப்பினீர்கள். சொல்லத் தெரியாதவர்களுக்குக் கண்ணில் மாட்டிவிட்டீர்கள்."

"மாட்டிவிட்டேனா?"

"ஆம் ஐயா. பாடம் வரும்வரை அணிந்திருக்க வேண்டும் என்று எண்ணினோம். பாவம், அவர்கள் வெளியே செல்லவே நாணுகிறார்கள்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நேரே சாவிக்காரியிடம் போனேன். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவளுக்கு முன்னால் இருந்தது வெறும் பழுப்பு மரம். படி என்று கை காட்டினேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கடைசி வரி வரை படித்தாள். முடித்துவிட்டு என் "சபாஷு"க்காகக் காத்திருந்தாள்.

அவள் ஏன் சாவியைப் பார்ப்பதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. நாலு நாளைக்கு முன் அதை வியந்து உனக்கு எழுதினேன்.

என் கடைக்கு வருகிறவன் தெரியவில்லை என்று சொல்லத்தான் வருவான். தெரிகிறது என்று சொல்லி ஏமாற்றுகிறவனை நான் பார்த்ததில்லை. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கருவி டாக்டரிடம் இருக்கிறது, என்னிடம் பலகைதான். இதெல்லாம் காரணம்தான். ஆனால் காரணத்தை வைத்துக்கொண்டு யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. இருநூற்றுத் தொண்ணூற்று நாலு பேரை நான் முதுகில் தட்டிக் குருடாகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி விமானத்தில் நான் ஏறப்போவதில்லை. எல்லோரையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

அச்சகத்துக்குப் போனேன். நிறுத்தச் சொல்லவில்லை. நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டு.

யோசித்துப் பார். முப்பது வருஷமாய் "அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர்கள் கையில் நீயே கத்தியைக் கொடுக்கிறாய். அந்தத் தீர்மானம் சரிதான் என்று நீயே வந்து சாட்சி சொன்னது போல ஆகிவிடும். அதன் அடியில் கையெழுத்துப் போட்ட நானே இதைச் சொல்கிறேன் என்றால் புரிந்துகொள். எனக்கு இந்த வெற்றி வேண்டாம்.

அங்கே யாராவது புகார் சொன்னார்களா? இல்லை. எல்லோரும் சந்தோஷமாய்த்தானே இருக்கிறார்கள்? அடுத்த வருஷம் டாக்டர் கால் சரியானதும் போவார். அவரே மறுபடி பார்த்துக்கொள்ளட்டும். நீ எழுபது வயதில் தனியாக, பாஷை தெரியாத ஊரில், காய்ச்சல் வந்தால் ஒரு வாய் வெந்நீர் கொடுக்க ஆள் இல்லாமல் கிடக்கவேண்டுமா? சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பிடிவாதம். அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள், நானும் ஓய்ந்துவிட்டேன்.

பொன்னாடையை நான்தான் கடையில் நின்று தேர்ந்தெடுத்தேன். கரை கருநீலம். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

வந்துவிடு அண்ணா.

தங்கை


மார்ச் 15

முதல் பக்கம் — சபையாருக்கு

இதை ஞாயிறு ஆராதனையில், அறிக்கை வாசிக்கிற நேரத்தில், என் தங்கை வாசிக்க வேண்டும். அறிக்கையை வாசிக்கக் கூடாது.

சபையாரே, நான் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கண் பார்த்ததாக அச்சிட்டிருக்கிறது. அது பொய். நூற்றுப் பதினெட்டுப் பேருக்குப் பார்த்தேன். மற்றவர்கள் என் பலகையை வசனம்போல மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். நான் ஏமாந்தேன். அவர்கள் ஏமாற்றவில்லை, நாம் மகிழவேண்டும் என்று உழைத்திருக்கிறார்கள். தப்பு என்னுடையது. அதைத் திருத்தும்வரை இங்கே இருப்பேன். பொன்னாடையை மடித்து உள்ளே வையுங்கள்.

இன்னொன்று. பட்டம் இல்லாததால் இந்தத் தப்பு நடந்தது என்று யாராவது நினைத்தால், அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பலகையை நம்பியதால் நடந்தது. பட்டம் வாங்கினவரும் முகாமில் இதே பலகையைத்தான் மாட்டுகிறார்.

இரண்டாம் பக்கம் — உனக்கு மட்டும்

இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் போதகர் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் போகமாட்டேன் என்றதும், "ஐயா, டிக்கெட்டு, விசா, இன்சூரன்ஸ்…" என்று அரைமணி நேரம் பேசினார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் என் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தன் போர்வையையும் வெந்நீர்க் குடுவையையும் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நம் கடிதப் படங்கள் இனி வாத்தியார் கைபேசியில் போய்வர ஏற்பாடும் செய்துவிட்டார். இந்தக் காலத்துப் பையன்களைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதல் முயற்சி கெட்டுப்போனது, அதையும் கேள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம், சொன்னவருக்கு ஒரு சோப்பு பரிசு என்று வாத்தியாரை அறிவிக்கச் சொன்னேன். பத்து மணிக்குள் ஊருக்கே கண் தெரியாமல் போய்விட்டது. கூரைமேல் உட்கார்ந்த குருவியைக் கல்லால் அடிக்கிற வாலிபன் ஒருவன் சுவரையே காணோம் என்றான்.

பிறகு பிஸ்கட் டின் மூடியை வெட்டினேன். சீப்பைப்போல மூன்று பல் வைத்த தகடு. உள்ளங்கை அளவிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரை ஐந்து. கறுப்புப் பூசி வெள்ளை அட்டையில் ஊசியால் குத்தினேன். ஒவ்வொரு ஆளுக்கும் பல்லை ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவேன். பல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அவர் மூன்று விரலை நீட்டவேண்டும். இதை மனப்பாடம் செய்ய முடியாது. அளவு குறையக் குறையச் சரியாகக் காட்டிவிட்டுத் திடீரென்று சின்னத்தில் தவறினால் அது நிஜம். பெரிய தகட்டையே காணோம் என்கிறவன் சோப்புக்காரன்.

சாவிக்காரிதான் முதல் ஆள். பெரியதிலேயே விரல் தடுமாறியது. வாத்தியார் உண்மையைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சாவிக்கொத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மதியம் திரும்பி வந்தபோது பின்னால் நாற்பது பேர். ஒவ்வொரு வீடாய்ப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள், தடவித் தடவி நடந்தே. அவர்களிடம் என்ன சொன்னாள் என்று வாத்தியாரைக் கேட்டேன். "'வெளியூர்ப் பெரியவர் தாம் தவறு செய்ததாகச் சொல்கிறார். இதுவரை வந்தவர் எவரும் இப்படிச் சொன்னதில்லை. வந்து பாருங்கள்' என்றார்" என்றார் வாத்தியார்.

இனி உன் விஷயம். உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரி வலதுபக்கம் சரிகிறது. எழுத்து புளியங்கொட்டை அளவு இருக்கிறது. போதாக்குறைக்கு என் எழுத்து எறும்பு என்கிறாய். நாற்பது வருஷமாய் என் எழுத்து இதே அளவுதான். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் என் கடையில் உட்கார்ந்து பில் எழுதியவள் நீ. உன் மேசைக்கு எதிர்ச் சுவரில் என்ன மாட்டியிருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பலகையை நான் இன்னும் மாற்றவில்லை.

பொட்டலத்தில் ஐந்து தகடும் இருக்கின்றன. உனக்கென்று தனியாக வெட்டினேன். இருபது அடியில் யாரையாவது பிடிக்கச் சொல்.

அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முதல் பக்கம் ஆராதனையில் வாசிக்கப்பட்டது. நான் எழுந்துபோனேன். தொண்டை அடைத்துக்கொண்டது. போதகரே வாங்கி வாசித்தார். அச்சடித்த அறிக்கைகள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன.

வாசித்து முடித்ததும் பின்வரிசையில் யாரோ, "அன்னைக்கே சொன்னோம்ல" என்றது என் காதில் விழுந்தது. உன் காதில் விழாமல் போனது நல்லது. டாக்டர் கட்டுப்போட்ட காலோடு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். "பன்னெண்டு வருஷமா நானும் முகாம் போறேன்" என்றார். "பார்த்தவங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணலை. அந்தப் பொன்னாடையை யாரும் உள்ளே வைக்க வேண்டாம்." உட்காரும்போது ஊன்றுகோல் விழுந்து பெரிய சத்தம். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் பதிமூன்றாம் தேதி எழுதியதைக் கிழித்துப்போடு. உன்னை வந்துவிடு என்று சொன்னவள் நான். அந்தச் சாவிக்காரி பார்க்காமலே உன்னைப் புரிந்துகொண்டாள். கூடப் பிறந்தவளுக்கு அது வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

தொண்டைக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை. தகட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

வேலை நாளையோடு முடிகிறது. இருநூற்று அறுபத்தொரு பேர் திரும்ப வந்தார்கள். தொண்ணூற்றேழு பேருக்குக் கண்ணாடி. திருப்பிக் கொண்டுபோக மூட்டை கட்டிய மூன்று பெட்டியும் ஏறக்குறையக் காலி. முப்பத்தொரு பேருக்கு எந்தக் கண்ணாடி மாட்டியும் தெளியவில்லை, கண்புரையாக இருக்கும். அது கண்ணாடிக் கடைக்காரன் தொடக்கூடாத இடம், தொடவில்லை. பெயரும் வீடும் எழுதி மருந்தகத்தில் கொடுத்திருக்கிறேன். டாக்டர் நடக்கத் தொடங்கியதும் முதல் வேலை இது என்று அவரிடம் சொல். வராத முப்பத்து மூன்று பேரில் பதினாறு பேர் வீட்டுக்குச் சாவிக்காரியோடு நானே போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் ஊரில் இல்லை. அது என் கணக்கில் குறையாகவே இருக்கும்.

சாவிக்காரிக்குக் கண்ணாடி மாட்டியதும் என்ன செய்தாள் தெரியுமா? முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையோ சொல்லிச் சிரித்தாள். இரண்டு சாவி துருப்பிடித்திருந்தது இத்தனை நாள் தெரியாதாம். பிறகு தலையைத் தூக்கி மருந்தகத்தின் மூலைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. வாளியும் துடைப்பமுமாக இறங்கி, கூட்டுகிறவளையும் வாத்தியாரையும் ஒரு பிடி பிடித்து, சாயங்காலத்துக்குள் சுவரைக் கழுவிவிட்டாள். கடைசியில் என் பக்கம் வந்து என் சட்டையைக் காட்டி நாலு வார்த்தை சொன்னாள். வாத்தியார் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன். "பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்களாம் ஐயா. மூன்று வாரமாகத் தங்களைச் சீரான மனிதர் என்று எண்ணியிருந்தாராம்."

அவளை நான் மெச்சிக்கொண்டே இருக்கலாம். அவளுக்குத் தெரியவில்லை என்று தெரிந்தபோது அவள் ஒரு நிமிஷம்கூட வெட்கப்படவில்லை. அதற்காகத்தான் உனக்கு இவ்வளவும் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி விமானம். அதற்குள் தகட்டுக்குப் பதில் வேண்டும்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டை அடைக்கவில்லை. உன் எழுத்து தெரியவில்லை.

ஆராதனையில் எல்லோருக்கும் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரத்துணிக்குப் பின்னால் இருப்பதுபோல இருந்தது. வேதபாடம் என்றால் சனிக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் படித்து மனப்பாடம் செய்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பார்ப்பதுபோல நிற்பேன், அவ்வளவுதான். இரண்டு வருஷமாய் இப்படி. உன் தாள் அன்று காலையில்தான் கைக்கு வந்தது, மனப்பாடம் செய்ய நேரமில்லை. உன் கடைப் பலகையும் அப்படித்தான். ஆறு வருஷம் பில் எழுதும்போதெல்லாம் நிமிர்ந்தால் அதுதான் எதிரே. இப்போது கண்ணை மூடினாலும் அந்தப் பலகை தெரிகிறது. கண்ணைத் திறந்தால்தான் தெரியவில்லை.

கண்ணாடி போட்டால் வாசிப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயம். வெட்கம் என்றும் சொல்லலாம். உன்னிடம் வந்து உட்காரவும் முகம் இல்லை. பட்டம் இல்லாதவன் கண் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு எப்படி வருவேன்?

இன்று ஆராதனை முடிந்து உன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவரே பிடித்தார். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடியில். "கருவி இருக்கு, இப்பவே பார்த்துடலாமே" என்றார். "முதல்ல எங்க அண்ணன் தகடு" என்றேன்.

பெரியது, இடது. சரி என்றார். அடுத்தது, கீழே. சரி. மூன்றாவதை அவர் திருப்பிப் பிடித்தபோது அது ஒரு கறுப்புப் பொட்டு. என் கை தானாக மேலே போனது அண்ணா. நாலில் ஒரு பங்கு சரியாக இருக்குமே என்று மனசு கணக்குப் போட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் எத்தனை பிள்ளைகளை இதற்காகப் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன்!

கையை இறக்கினேன்.

"தெரியலை டாக்டர்" என்றேன்.

பிறகு அவர் கருவியில் பார்த்தார். கண்புரையாம், இரண்டு கண்ணிலும். அடுத்த மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன். ஆனதும் கண்ணாடி உன் கடையில்தான் என்று அவரே எழுதித் தந்திருக்கிறார்.

நாளை மறுநாள் விமான நிலையத்துக்கு வருவேன். கூட்டத்தில் உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம். நீயே என் கையைப் பிடித்துக்கொள். பொத்தானைச் சரியாய்ப் போட்டுக்கொண்டு வா.

அந்தப் பரிசுச் சோப்பில் ஒன்று மிச்சம் இருந்தால் எனக்கு எடுத்து வை.

தங்கை